சேற்றைச் சுற்றிச் செல்லாதீர்கள்



நீங்கள் ஒரு காட்டுப் பாதையில் நடந்து செல்வதாக எண்ணிக் கொள்ளுங்கள். இருபுறமும் அடர்ந்த மரங்கள். நடுவே ஒருவர் பின் ஒருவராக மட்டுமே செல்லத்தக்க ஒற்றையடிப் பாதை. எதிரே பத்தடி நீளத்துக்குக் கறுத்த சேறு தேங்கிக் கிடக்கிறது. என்ன செய்வீர்கள்?

பாதையை விட்டு இறங்கி, ஓரத்துப் புல்லின் மேல் கால் வைத்து, சேற்றைச் சுற்றிக் கொண்டு அப்பால் செல்வீர்கள். நானும் அப்படித்தான் செய்து வந்தேன். காலில் அழுக்குப் படவில்லை. உடையில் சேறு தெறிக்கவில்லை. நம்மால் எவருக்கும் தீங்கும் இல்லை என்ற மனநிறைவோடு நடப்போம்.

நம்மால் எவருக்கும் தீங்கு இல்லை என்பது மெய்தானா? இந்த ஒரு கேள்விக்கு விடை காண்பதற்காகவே உங்களை இன்று வெகுதூரத்தில் உள்ள ஒரு மலைக்காட்டுக்கு அழைத்துச் செல்ல விரும்புகின்றேன். அங்கே சேறு படிந்த காட்டுப் பாதைகளைச் செப்பனிடுவதையே தொண்டாக மேற்கொண்டு, நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தலைமுறை தலைமுறையாக உழைத்து வரும் மக்கள் இருக்கின்றார்கள். அவர்களுடைய பணியைப் பற்றி விரிவாகப் படித்தபோது, முப்பது ஆண்டுகளாக நான் ஓதியும் ஓதிக் கொடுத்தும் வந்த ஒரு ஹதீஸின் பொருளை அதுவரை பாதியளவே விளங்கியிருந்தேன் என்பதை உணர்ந்து நாணினேன். அதை உங்களோடு பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பசுமலைகளின் நெடும்பாதை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்கில் வெர்மான்ட் என்றொரு சிறிய மாநிலம் உண்டு. அதன் வடக்கெல்லையில் கனடா நாடும், தெற்கெல்லையில் மாசசூசெட்ஸ் மாநிலமும் உள்ளன. மாநிலத்தின் முதுகெலும்பைப் போல வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் மலைத்தொடரைப் பசுமலைகள் என்று பொருள்படும் பெயரால் அந்நாட்டார் அழைக்கின்றனர்.

அங்கே ஜேம்ஸ் டெய்லர் என்னும் பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தார். தம் மாணவர்களை மலைகளுக்கு அழைத்துச் செல்ல விரும்பிய அவருக்கு நல்ல பாதைகள் கிடைக்கவில்லை. தனித்தனிக் குன்றுகளுக்குத் துண்டுத் துண்டாகப் பாதை அமைப்பதை விட, மாநிலத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மலைமுகடுகளின் வழியாகவே ஒரே பாதையாக அமைத்தால் என்ன என்று அவர் எண்ணினார். அந்த எண்ணத்தின் விளைவாக 1910ஆம் ஆண்டு மார்ச் மாதம் பர்லிங்டன் நகரில் சிலர் கூடி, கிரீன் மவுண்டன் கிளப் என்ற சங்கத்தை நிறுவினார்கள். கோடரியும் மண்வெட்டியும் ஏந்திக் காட்டுக்குள் புகுந்த அவர்களுடைய வேலை இருபது ஆண்டுகள் நீடித்தது. 1930ஆம் ஆண்டில் பாதை கனடாவின் எல்லையைத் தொட்டது. அதற்கு லாங் டிரெயில், அதாவது நெடும்பாதை என்று பெயர். அதன் நீளம் ஏறத்தாழ 272 மைல். நம் கணக்கில் 435 கிலோமீட்டருக்கு மேல். அந்நாட்டின் நெடுந்தொலைவு நடைபாதைகளுள் இதுவே மூத்தது.

இதன் பின்னரே, பென்டன் மக்கே என்பவர் 1921ஆம் ஆண்டில் இதனினும் பன்மடங்கு பெரியதொரு பாதையைப் பற்றி எழுதினார். அப்பலாச்சியன் டிரெயில் என்னும் அந்தப் பாதை, ஜார்ஜியா முதல் மெய்ன் வரை 14 மாநிலங்களைக் கடந்து, ஏறத்தாழ 2,190 மைல் செல்கிறது. 1937ஆம் ஆண்டில் அது முழுமை பெற்றது. வெர்மான்டின் தென்பகுதியில் ஏறத்தாழ நூறு மைல் தூரத்துக்கு இவ்விரு பாதைகளும் ஒன்றாகவே செல்கின்றன. அந்தப் பெரும்பாதையையும் முப்பது அளவிலான தொண்டர் சங்கங்களே பகுதி பகுதியாகப் பிரித்துக் கொண்டு பேணி வருகின்றன.

பாதையை வெட்டியதோடு வேலை முடிந்து விட்டது என்று நாம் எண்ணுவோம். உண்மையில் அன்றுதான் வேலை தொடங்கியது. அங்கே பாதையின் பகைவன் சேறு.

சேறு எப்படிப் பிறக்கிறது?

வெர்மான்ட் மக்கள் தங்களுக்கு நான்கு பருவங்கள் அல்ல, ஐந்து பருவங்கள் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. குளிர்காலத்துக்கும் வசந்தத்துக்கும் இடையே வருவது சேற்றுப் பருவம். கடுங்குளிரில் மண் கல்லைப் போல உறைந்து கிடக்கும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் பனி உருகத் தொடங்கும்போது மேல் மண் மட்டும் இளகி விடும். அடி மண் இன்னும் உறைந்தே இருக்கும். உருகி வரும் நீர் கீழே இறங்க வழியின்றி மேல் மண்ணிலேயே தேங்கி நிற்கும். மலை உச்சிகளில் இது இன்னும் பல வாரங்கள் நீடிக்கும். அங்கே பாறையின் மேல் படிந்துள்ள மண்ணோ மிகவும் மெல்லியது. பள்ளத்தாக்கில் பூக்கள் மலர்ந்துவிட்ட மே மாதத்தில், நல்ல வெயிலைக் கண்டு மகிழ்ந்து மலையேறுகின்றவர், மேலே செல்லச் செல்ல முழங்கால் அளவு சேற்றைக் காண்பார்.

அந்தச் சேற்றில் மனிதனின் கால் படும்போது நிகழ்வது என்ன? மண்ணுக்குள் காற்றும் நீரும் செல்வதற்கென்று நுண்ணிய துளைகள் உண்டு. ஆயிரம் கால்கள் மிதிக்க, அந்தத் துளைகள் மூடிக் கொள்கின்றன. நீர் உட்செல்ல முடியாமல் மேலேயே நிற்கிறது. மிதிபட்ட பாதை இருபுறத்தையும் விடத் தாழ்ந்து ஒரு வாய்க்காலாக மாறுகிறது. அடுத்த மழையின்போது, காட்டில் பரவிச் சென்றிருக்க வேண்டிய நீரெல்லாம் இந்த வாய்க்காலில் சேர்ந்து ஓடி மண்ணை அரித்துச் செல்கிறது. மரவேர்களும் கற்களும் எலும்புகளைப் போல வெளியே துருத்திக் கொண்டு நிற்கின்றன. அரித்த மண் மலையடிவாரத்து ஓடைகளைச் சென்றடைந்து, கூழாங்கற்களின் இடுக்கில் மீன்கள் இட்ட முட்டைகளை மூடி மூச்சடைக்கச் செய்கிறது. மேலே ஒருவர் வைத்த காலடிக்குக் கீழே ஓடையில் ஒரு மீன் விலை கொடுக்கிறது!

இப்போது நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். சேற்றைக் கண்டு ஓரமாக ஒதுங்கிச் செல்கின்ற முதல் மனிதர் புல்லை மிதிக்கின்றார். பத்தாவது மனிதர் புல்லின் வேரை மிதிக்கின்றார். நூறாவது மனிதர் வரும்போது அங்கே புல்லே இல்லை. அதுவும் சேறாகிக் கிடக்கிறது. நூற்றொன்றாவது மனிதர் அதற்கும் அப்பால் ஒதுங்கிச் செல்கின்றார். இரண்டடி அகலமாக இருந்த பாதை ஆறடியாகிறது. பின்னர் பன்னிரண்டு அடியாகிறது. வேர் மிதிபட்ட இளமரங்கள் பட்டுப் போகின்றன. இத்தனைக்கும் இவர்களுள் ஒருவரேனும் பாதையைக் கெடுக்க வேண்டும் என்று எண்ணியவர் அல்லர். ஒவ்வொருவரும் தம்முடைய காலை மட்டுமே காத்துக் கொண்டார். ஒவ்வொருவரும் தம்மைக் குற்றமற்றவர் என்றே எண்ணினார்.

சேற்றைச் சுற்றிச் செல்கின்றவர் சேற்றைத் தவிர்க்கவில்லை. அதைத் தமக்குப் பின்னால் வருகின்றவருக்காகப் பெருக்கி வைத்து விட்டுச் செல்கின்றார்.

ஆகவேதான் அந்தச் சங்கத்தார் நடப்பவர்களுக்கு மூன்று வேண்டுகோள்களை விடுக்கின்றனர். சேற்றுப் பருவத்தில், மே மாதத்தின் கடைசித் திங்களை ஒட்டி வரும் விடுமுறை நாள்கள் வரை, உயர்ந்த மலைப் பாதைகளுக்குச் செல்லாதீர்கள். சென்ற இடத்தில் சேறு எதிர்ப்பட்டால் அதன் நடுவாகவே நடந்து செல்லுங்கள், சுற்றிச் செல்லாதீர்கள். செடிகளை மிதிக்காமல் செல்லவே முடியாத அளவுக்குச் சேறு இருந்தால், வந்த வழியே திரும்பி விடுங்கள். எத்துணை எளிய சொற்கள்! கடைப்பிடிப்பதற்கு எத்துணை கடினமானவை!

தொண்டர்கள் செய்யும் பணி

கேடு இப்படி நிகழ்கிறது என்றால், அதைச் சீர்செய்வது எப்படி? சேறு நிறைந்த இடத்தில் ஒரு கூடை மண்ணைக் கொட்டி மூடிவிட்டால் போதும் என்றே நமக்குத் தோன்றும். அந்தத் தொண்டர்களோ முதலில் சேற்றைப் பார்ப்பதில்லை, நீரைப் பார்க்கின்றார்கள். இந்த நீர் எங்கிருந்து வருகிறது? எங்கே செல்ல விரும்புகிறது? அதைத் தடுப்பது எது? இக்கேள்விகளுக்கு விடை கண்ட பின்னரே கருவியைக் கையில் எடுக்கின்றார்கள். நீருக்கு வழி விட்டால் சேறு தானே மறையும் என்பது அவர்களுடைய அனுபவ அறிவு.

சரிவான இடங்களில், பாதையின் குறுக்கே ஒரு தடித்த மரத்தையோ கற்களின் வரிசையையோ சாய்வாகப் பதிக்கின்றார்கள். நேர் குறுக்காகப் பதித்தால் நீர் அதன் பின்னே தேங்கி, பின்னர் மேலேறிப் பாயும். சாய்வாகப் பதித்தால் ஓடி வரும் நீர் அதன் வழியே திரும்பிப் பாதையை விட்டு வெளியேறிக் காட்டுக்குள் பரவி விடும். நீர் வெளியேறும் வாயிலில் ஒரு சிறு வாய்க்காலையும் வெட்டி வைக்கின்றார்கள்.

நீர் வடியவே வழியில்லாத சமதளங்களில் வேறு முறைகளைக் கையாள்கின்றார்கள். பெரிய கற்களைப் புரட்டிக் கொண்டு வந்து, பெரும்பகுதி மண்ணுள் புதையுமாறு பதித்து, மேற்பரப்பை மட்டும் மிதிகல்லாக விடுகின்றார்கள். காலை வைத்தால் கல் சிறிதும் அசையக் கூடாது. அசைந்தால் தோண்டி எடுத்து மீண்டும் பதிக்க வேண்டும். சதுப்பான இடங்களில் இரு தடிமரங்களைக் குறுக்கே கிடத்தி, அவற்றின் மேல் பலகைகளை நீளவாட்டில் அடித்துத் தாழ்ந்த நடைமேடை அமைக்கின்றார்கள். இன்னும் சில இடங்களில் இருபுறமும் கால்வாய் வெட்டி, நடுவே மரங்களுக்கோ கற்களுக்கோ இடையில் கல்லும் மண்ணும் நிரப்பிப் பாதையையே மேடாக்கி விடுகின்றார்கள்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. காட்டின் மேற்பரப்பில் கிடக்கும் இலைமக்கு நிறைந்த கரிய மண்ணை அவர்கள் நிரப்புவதற்குப் பயன்படுத்துவதில்லை. அது நீரை உறிஞ்சி வைத்துக் கொண்டு மீண்டும் சேறாகி விடும். அதற்கும் கீழே தோண்டிக் கிடைக்கும் சரளை கலந்த மண்ணையே எடுக்கின்றார்கள். எளிதில் கிடைப்பதைக் கொண்டு பள்ளத்தை மூடுவது ஒன்று. உறுதியானதைத் தேடி எடுத்து நிரப்புவது வேறொன்று.

கருவிகள் என்று பெரிய எந்திரங்கள் எவையும் இல்லை. கடப்பாரை, மண்வெட்டி, கொத்து, கோடரி, வாள். ஒருபுறம் கோடரியும் மறுபுறம் கொத்துமாக அமைந்த ஒரு கருவியும் அவர்களிடம் உண்டு. அதன் பெயர் புலாஸ்கி. இடஹோ மாநிலத்தில் 1910ஆம் ஆண்டின் பெருங்காட்டுத்தீயில் தம் ஆட்களைக் காத்துப் பெயர் பெற்ற எட் புலாஸ்கி என்னும் வனக்காவலரின் பெயரால் அது வழங்குகிறது. சாலையே இல்லாத மலைக்குள் இவற்றையெல்லாம் தோளில் சுமந்து கொண்டே மைல் கணக்காக நடக்க வேண்டும். நான்கு பேர் கடப்பாரையால் நெம்பி ஒரு கல்லை அதன் இடத்தில் அமர்த்துவதற்குள் அரை நாள் கழிந்து விடும்.

சங்கத்தில் பருவத்துக்கென ஊதியம் பெற்று வேலை செய்யும் இளைஞர் குழுவும் உண்டு. ஆயினும் பாதையின் அன்றாடப் பராமரிப்பு ஊதியமற்ற தொண்டர்களின் கையிலேயே இருக்கிறது. பாதையை ஒரு சில மைல் கொண்ட பகுதிகளாகப் பிரித்து, இதை நான் பார்த்துக் கொள்கிறேன் என்று ஒவ்வொருவர் ஏற்றுக் கொள்கின்றனர். ஒரு பிள்ளையைத் தத்தெடுப்பதைப் போலப் பாதையைத் தத்தெடுத்துக் கொள்வதாகவே அதை அவர்கள் குறிப்பிடுகின்றனர். ஆண்டில் சில முறை சென்று, விழுந்த மரங்களை அறுத்து அகற்றி, வழிகாட்டும் வெள்ளைக் குறிகளை மரங்களில் மீண்டும் தீட்டி, எல்லாவற்றுக்கும் மேலாக நீர் வடியும் வாயில்களைத் துப்புரவு செய்கின்றனர்.

இந்தக் கடைசி வேலையை மட்டும் சற்று எண்ணிப் பாருங்கள். இலையுதிர் காலம் வரும்போதெல்லாம் இலைகள் விழுந்து, அந்தச் சிறு வாய்க்கால்கள் அடைபடுகின்றன. ஒரு கைப்பிடி இலையும் சிறிது வண்டலும் போதும். நீர் வழிமாறிப் பாதையில் பாயத் தொடங்கி விடும். மண்வெட்டியால் நான்கு முறை இழுத்து விட்டால் அடைப்பு நீங்கி விடும். அதை இன்று செய்பவர், நாளைக்கு நாற்பது பேர் வியர்வை சிந்திச் செய்ய வேண்டிய வேலையைத் தடுத்து விடுகின்றார். ஆனால் அவரை எவரும் பாராட்டுவதில்லை. ஏனெனில் அவர் தடுத்த கேடு எவர் கண்ணுக்கும் தென்படுவதில்லை. உலர்ந்த பாதையில் இனிதாக நடந்து செல்கின்றவர், இங்கே சேறு ஏன் இல்லை என்று வியப்பதில்லையே!

இந்தப் பணிக்கு முடிவும் கிடையாது. மரப் பலகை சில ஆண்டுகளில் மட்கிப் போகும். முன்னோர்கள் மலைச்சரிவில் நேர் செங்குத்தாக வெட்டி விட்ட பாதைகள் நீரோடைகளாக மாறிவிட்டதால், அவற்றைக் கைவிட்டு, சரிவின் குறுக்காக வளைந்து ஏறும் புதுப்பாதை வெட்ட வேண்டியிருக்கிறது. 2023ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் வெர்மான்ட் மாநிலத்தைப் பெருவெள்ளம் தாக்கியது. ஓராண்டு கழித்து, 2024 ஜூலையில் அதே நாள்களில் மீண்டும் வெள்ளம் வந்தது. வெள்ளம் வடிந்த பின் தொண்டர்கள் கருவிகளை எடுத்துக் கொண்டு மீண்டும் மலையேறினார்கள்.

தாழ்ந்த கிளையின் உயர்வு

அன்பர்களே! ஈமான் என்பது எழுபதுக்கும் மேற்பட்ட கிளைகளைக் கொண்டது என்றும், அவற்றுள் மிக உயர்ந்தது லா இலாஹ இல்லல்லாஹ் என்னும் திருக்கலிமா என்றும், மிகத் தாழ்ந்தது பாதையிலிருந்து தீங்கு தருவதை அகற்றுவது என்றும், நாணமும் ஈமானின் ஒரு கிளை என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். இது முஸ்லிம் ஷரீஃபில் பதிவாகியுள்ளது. நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிந்த ஹதீஸ் இது.

தாழ்ந்தது என்ற சொல்லைக் கேட்டதும் நாம் என்ன செய்தோம்? அதை அற்பமானது என்று எண்ணி ஒதுக்கி விட்டோம். மூலத்தில் உள்ள 'அத்னா' என்ற அரபுச் சொல்லுக்குத் தாழ்ந்தது என்ற பொருள் இருப்பதைப் போலவே, அருகில் உள்ளது என்ற பொருளும் உண்டு. மரத்தின் தாழ்ந்த கிளைதானே நம் கைக்கு எட்டும் கிளை! குழந்தையும் முதியவரும் கற்றவரும் கல்லாதவரும் பற்றிக் கொள்ளத்தக்க கிளை அது. அந்தக் கிளையையே பற்றாதவன் உச்சிக் கிளையை எட்டிப் பிடித்து விட்டதாகக் கூறுவது எங்ஙனம் பொருந்தும் என்று என் சிற்றறிவுக்குத் தோன்றுகிறது.

வழியில் கிடந்த ஒரு முட்கிளையை அப்புறப்படுத்திய மனிதர் ஒருவரின் செயலை அல்லாஹ் ஏற்று, அவருடைய பாவங்களை மன்னித்தான் என்ற செய்தியும் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் வந்துள்ளது. அவர் பெயர் என்ன, ஊர் எது என்று நமக்குச் சொல்லப்படவில்லை. முள்ளை எடுத்தார் என்பது ஒன்றே எஞ்சியிருக்கிறது.

நான் பாதியளவே விளங்கியிருந்தேன் என்று சொன்னேனே, அது இதுதான். தீங்கை அகற்றுவது என்றால், கிடக்கும் கல்லையோ முள்ளையோ குனிந்து எடுத்து எறிவது என்று மட்டுமே நான் பொருள் கொண்டிருந்தேன். சேறோ கையால் எடுத்து எறியத் தக்க பொருள் அன்று. அதன் காரணம் எங்கோ மேலே, அடைபட்ட ஒரு வாய்க்காலில் இருக்கிறது. அதைத் தேடிச் செல்லாமல் தீங்கை அகற்ற முடியாது. அது மட்டுமா? சேற்றுக்கு அஞ்சி ஒதுங்கி நடந்த என் காலே அந்தத் தீங்கின் ஒரு பகுதியாகி விடுகிறது. பாதையில் கிடக்கும் தீங்கை அகற்றுவதற்கு முன், நானே பாதைக்குத் தீங்காக இல்லாமல் இருக்க வேண்டாமா?

சேறு பட்டால் ஒளுவும் தொழுகையும் என்னாகும் என்று தயங்குகின்றவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ் என்னும் ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூலை மதரஸாக்களில் ஓதிய எவரும் அறிவர்: தெருச் சேற்றில் அசுத்தம் கலந்திருப்பது உறுதியாகத் தெரிந்தாலும், வழக்கமாகத் தவிர்ப்பதற்கு அரிதான அளவு உடையில் பட்டால் அது பொறுக்கப்பட்டு விடுகிறது. நம் மார்க்கம் நம் காலில் பட்ட சேற்றைப் பொறுத்துக் கொள்கிறது. நம் காலைக் காப்பதற்காகப் பிறருடைய வழியைக் கெடுப்பதைப் பொறுத்துக் கொள்கிறது என்று எந்த நூலிலும் நான் ஓதியதில்லை.

என் பாதச் சுவடு

எங்கோ உள்ள ஒரு மலைக்காட்டைப் பற்றி இந்த ஆலிம் ஏன் தேடிப் படித்தார் என்று நீங்கள் கேட்கக் கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். மறைக்காமல் சொல்லி விடுகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி அடைமழையில், எங்கள் ஊரில் ஒரு ஜனாஸாவை அடக்கம் செய்யச் சென்றோம். மையவாடியின் நுழைவாயிலிலிருந்து உள்ளே செல்லும் பாதையில் எப்போதும் போலவே சேறு. சந்தூக்கைச் சுமந்தவர்கள் வழுக்கி விடக் கூடாதே என்று ஓரமாகச் செல்லும்படி சொன்னவன் நான். முன்னே நடந்து வழி காட்டியவனும் நான்தான். பின்னால் வந்த முந்நூறு பேரும் என்னைத் தொடர்ந்து வந்தார்கள்.

மறுநாள் ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் ஜியாரத்துக்காகச் சென்றபோது கண்டேன். பாதையின் ஓரத்தில் இருந்த நான்கு பழைய கப்ருகளின் மண்மேடு மிதிபட்டுத் தரையோடு தரையாகிக் கிடந்தது. அவற்றுள் ஒன்று, என் விரலைப் பிடித்து மணலில் அலிஃப் எழுதக் கற்றுக் கொடுத்த லெப்பை அவர்களின் கப்ரு. ஈர மண்ணில் காலடிகள் பதிந்து காய்ந்திருந்தன. முதல் காலடி எவருடையது என்பது எனக்குத் தெரியும். கப்ரின் மேல் உட்காருவதைக் கூட நாயகம் (ஸல்) அவர்கள் எத்துணைக் கடுமையாக எச்சரித்துள்ளார்கள் என்று எத்தனையோ ஜும்ஆக்களில் எடுத்துரைத்த நாவு அப்போது வறண்டு போயிற்று.

நானோ, என்னைத் தொடர்ந்து வந்தவர்களோ அடக்கமானவர்களை அவமதிக்க எண்ணியதில்லை. நாங்கள் செய்ததெல்லாம் சேற்றைச் சுற்றிச் சென்றது ஒன்றே.

சேற்றுப் பாதையைச் சீர்செய்வது எப்படி என்று நான் தேடத் தொடங்கியது அந்தக் காலையில்தான். அடுத்த ஆண்டு புரட்டாசியில், மழை தொடங்குவதற்கு முன், அஸருக்கும் மக்ரிபுக்கும் இடையே ஆறு பேர் கூடினோம். பாதையில் தேங்கும் நீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தோம். மதிலோரத்து வாய்க்கால் சருகாலும் மண்ணாலும் மூடிக் கிடந்தது. அதைத் தோண்டி விட்டோம். பாதையின் குறுக்கே சாய்வாக ஒரு கல் வரிசையைப் பதித்து, நீரை வாய்க்காலுக்குத் திருப்பினோம். லெப்பை அவர்களின் கப்ருக்கும் மற்ற மூன்றுக்கும் மண் அணைத்தோம். வேலை முடிந்தபோது பாங்கு ஒலித்தது. நாற்பது ஆண்டுகளாக அந்தச் சேற்றைச் சுற்றிக் கொண்டே நடந்தவர்கள் நாங்கள். ஒரு மாலைப் பொழுது போதுமானதாக இருந்தது.

அந்த ஐப்பசியில் பாதையில் நீர் நிற்கவில்லை. அதைக் குறித்து எவரும் ஒன்றும் சொல்லவில்லை. உலர்ந்த பாதையை எவர் கவனிக்கின்றார்கள்! ஆனால் வாய்க்கால் இந்த ஆண்டும் சருகால் அடைபடும். அடுத்த ஆண்டும் அடைபடும். பசுமலைத் தொண்டர்களிடமிருந்து நான் கற்றுக் கொண்டவற்றுள் இதுவும் ஒன்று: தீங்கை அகற்றுவது ஒரு நாள் செய்து முடிக்கும் வேலை அன்று. வாரந்தோறும் ஜும்ஆ வருவதைப் போல அதுவும் திரும்பத் திரும்ப வரும் கடமை.

வாசகப் பெருமக்களே!

பள்ளிவாசலுக்குச் செல்லும் சந்தில், பிள்ளைகள் மதரஸாவுக்குச் செல்லும் வழியில், உங்கள் வீட்டுத் தண்ணீர் தெருவில் சென்று தேங்கும் இடத்தில், நீங்கள் நாள்தோறும் சுற்றிச் செல்லும் சேறு ஒன்று இருக்கும். இன்று தொழுகை முடிந்து திரும்பும்போது அதன் முன் சற்று நில்லுங்கள். அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். உங்களுக்கு முன் சென்றவர்களின் காலடிகள் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கின்றன, எவருடைய வேலியோரத்தை, எவருடைய வாசலை மிதித்திருக்கின்றன என்று பாருங்கள். பிறகு வீட்டுக்குச் சென்று மண்வெட்டியை எடுத்து வாருங்கள். தனியாக முடியாவிட்டால் அண்டை வீட்டாரை அழையுங்கள்; அவர் எச்சமயத்தவராயினும் சரியே. பாதை எல்லாருக்கும் உரியது.

கடல் கடந்த மலைகளில் எவரோ நடக்கப் போகும் பாதைக்காகக் கல் சுமக்கின்றவர்களுள் பெரும்பாலோர் நம் ஹதீஸைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். நாமோ அதை மனப்பாடமாக ஒப்பிக்கின்றோம். நாளை மறுமையில், அறிந்திருந்தும் ஏன் சுற்றிச் சென்றாய் என்று நம்மைக் கேட்டால் என்ன விடை சொல்வோம்?

எல்லாம் வல்ல அல்லாஹ், நமக்குப் பின்னால் வருகின்றவர்களின் வழியைக் கெடுப்பவர்களாக நம்மை ஆக்காமல், அதைச் சீர்செய்து வைப்பவர்களாக ஆக்கி அருள்வானாக! ஆமீன்.